தூங்குமூஞ்சி

என் சித்தி மகளின் கல்யாணத்தன்று விடிகாலை நாலு மணிக்கு, ராசிங்காபுரத்து வீட்டின் உள்ளறையில் நான்கு பெண்கள் ஒரே கண்ணாடிக்குள் தெரிந்தோம். நாற்காலியில் மணப்பெண். அவளுக்குப் பின்னால் பூக்கூடையோடு சித்தி. கட்டில் விளிம்பில் அம்மாச்சி. கதவோரம் நான். மேக்கப் செய்ய டவுனிலிருந்து வந்திருந்த பெண் ரிங் லைட்டைப் போட்டார். மணப்பெண்ணின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஹூடட் ஐஸ். இமை மேல தோல் வந்து மூடிக்கிட்டிருக்கு. டேப் ஒட்டித் தூக்கிவிட்டாத்தான் போட்டோவுல கண்ணுன்னு ஒண்ணு தெரியும்.”

அறையில் இருந்த நான்கு பேருக்கும் ஒரே கண். அம்மாச்சியிடமிருந்து என் அம்மாவுக்கும் சித்திக்கும் வந்து, அங்கிருந்து எங்களுக்கு வந்த கண். புருவ எலும்புக்குக் கீழே இருக்கும் தோல் ஒரு மடிப்பாக இறங்கி இமையின் மேல் உட்கார்ந்துகொள்ளும். கண் திறந்திருக்கும்போது இமை தெரியாது, இமைமுடி மட்டும்தான் தெரியும். அந்தப் பெண் ஒரு முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். நாலு முகம் கவிழ்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து அம்மாச்சி கேட்டார்: “எதத் தூக்கப் போறீக? என்ன கீழ விழுந்துருச்சு?”

யாரும் பதில் சொல்லவில்லை. டேப் ஒட்டப்பட்டது.

நானும் இந்தத் தொழிலில் இருப்பவள்தான். போடியில் சின்னதாக ஒரு பார்லர் வைத்திருக்கிறேன். அன்றைக்கு என் தங்கைக்கு நான் மேக்கப் செய்யவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு ஆள் பேசியிருந்தார்கள். வீட்டுப் பெண் இலவசமாகச் செய்தால் ஆல்பத்துக்கு மரியாதை இல்லையாம். அது தனிக் கதை. இங்கே நான் பேச வந்தது அந்த டேப்பைப் பற்றி.

அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் படித்த பாடத்தைத்தான் நானும் படித்தேன். மதுரையில் ஆறு மாத பியூட்டிஷியன் கோர்ஸ். வகுப்புச் சுவரில் ஒரு சார்ட் தொங்கும். அதில் கண்களின் வகைகளைப் படமாகப் போட்டிருப்பார்கள்: பாதாம் கண், உருண்டைக் கண், உள்ளடங்கிய கண், துருத்திய கண், நெருங்கிய கண், விலகிய கண், ஹூடட் கண். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘திருத்தம்’ என்று ஒரு கட்டம். துருத்திய கண்ணை உள்ளே தள்ள ஒரு நிழல், உள்ளடங்கியதை வெளியே இழுக்க ஒரு மினுக்கம், விலகியதைக் கூட்ட ஒரு கோடு. பாதாமுக்கு நேரே மட்டும் அந்தக் கட்டம் காலி. வகுப்பில் நாங்கள் இருபத்திரண்டு பேர். ஒருவரை ஒருவர் உட்காரவைத்து வகை கண்டுபிடிக்கச் சொன்னார்கள். திருத்தம் வேண்டாத கண் ஒருத்திக்கும் இல்லை. இருபத்திரண்டு பேரும் குறையுள்ளவர்கள் என்று எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். சார்ட்டில்தான் ஏதோ தப்பு என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

தோன்றுவதற்குச் சில வருடங்கள் ஆயின. தோன்றிய இடம் ஐ ஷேடோ பெட்டி. பதினெட்டு நிறம் கொண்ட ஒரு பெட்டியை விற்க வேண்டுமானால், அந்த நிறங்களைப் பூசிக் காட்ட இடம் வேண்டும். அந்த இடம் இமை. இமைமுடிக்கும் மடிப்புக்கும் நடுவே அகலமாக, தட்டையாக, திண்ணை மாதிரி இமை இருந்தால் பதினெட்டில் நாலு நிறத்தையாவது அடுக்கலாம். என் மாதிரிக் கண்ணில் எதை அடுக்கினாலும் கண்ணைத் திறந்த மறுகணம் மடிப்புக்குள் போய்விடும். காசு கொடுத்து வாங்கியது வெளியே தெரியாது. சரக்குக்கு இந்தக் கண் தோதாக இல்லை என்பதுதான் உண்மை. அதைத் திருப்பிப் போட்டு, கண் சரியில்லை என்று ஆக்கிவிட்டார்கள். பாதம் அகலமாக இருக்கிறதே என்று எந்தச் செருப்புக்கடைக்காரராவது சொன்னால் வேறு செருப்பைக் காட்டச் சொல்லுவோம். முகத்தைப் பற்றிச் சொன்னால் மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கல்யாண ஆல்பங்களில் ஒரு கட்டாயப் படம் உண்டு. மணப்பெண் தலையைச் சற்றுக் குனிந்து, கண்ணை மூடி, அல்லது மூடினாற்போல் தாழ்த்தி இருப்பாள். இமையில் தங்கமும் செம்புமாகப் பூச்சு மின்னும். ஐ மேக்கப் சொல்லிக்கொடுக்கும் படங்களிலும் பாதி மூடிய கண்கள்தான். அகல இமைக்காக உருவான இந்த அலங்காரத்தின் உச்சம், பெண் கண்ணை மூடும்போது வருகிறது. அவள் யாரையும் பார்க்காதபோதுதான் அவள் மிக அழகாக இருக்கிறாள். மடிப்பு இமையில் இது நடக்காது. அங்கே போடுகிற மை, அவள் கண்ணைத் திறந்து நேராகப் பார்க்கும்போது மட்டுமே தெரியும். எனக்கு இந்தக் கண் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் இதுதான்.

‘ஹூட்’ என்றால் முக்காடு. இங்கிலீஷ்காரர்கள் நம் கண்ணுக்கு முக்காடு போட்டுப் பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் இந்த இமைக்குத் தனிப்பெயர் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. மீனையும் மானையும் குவளையையும் கண்ணுக்குச் சொல்லி அலுத்துப்போன நம் மொழி, மடிப்பு இமையை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் வசவு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எனக்கு அதுதான் பெயர். தூங்குமூஞ்சி. கணக்கு டீச்சர் கரும்பலகையிலிருந்து திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் என்னை எழுப்புவார். நான் விழித்துத்தான் இருப்பேன். அந்த வருடம் கணக்கில் வகுப்பிலேயே இரண்டாவது மதிப்பெண் வாங்கினேன். அப்போதும் பெயர் மாறவில்லை. பெண் பார்க்க வந்த ஓர் அம்மாள், பொண்ணுக்கு உடம்புக்கு ஏதாவது இருக்கா, சோர்வா இருக்காளே என்று என் அம்மாவிடம் தனியாக விசாரித்தார். இமையில் இருக்கும் அரை நூல் தோல், ஒரு பெண்ணின் அறிவு, உழைப்பு, உடல்நலம் எல்லாவற்றுக்கும் சாட்சி சொல்லப் போய்விடுகிறது.

இது நம் ஊர் வழக்கம் மட்டுமில்லை. ஜூலி சென் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிக்காரர், சீன வம்சாவளிப் பெண், 2013இல் தன் நிகழ்ச்சியிலேயே ஒன்றைச் சொன்னார். இருபத்தைந்து வயதில் ஒஹாயோ மாகாணத்தில் ஒரு சேனலில் செய்தியாளராக இருந்தபோது, செய்தி வாசிக்கும் நாற்காலியைக் கேட்டிருக்கிறார். உன் கண்ணைப் பார்த்தால் எதிலும் அக்கறை இல்லாதவள் மாதிரி இருக்கிறது என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். இவர் இமையை அறுத்து மடிப்பு வைத்துக்கொண்டார். பிறகு வேலையில் உயர்ந்தார். அந்த அறுவைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1896இல் ஜப்பானில் மிகாமோ என்ற மருத்துவர் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். 1950களின் நடுவில், போர் முடிந்த கொரியாவுக்கு அமெரிக்க ராணுவத்தோடு போன ரால்ஃப் மில்லார்ட் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் அதை அங்கே செய்தார். அவரிடம் வந்தவர்களில் ஒருவர் மொழிபெயர்ப்பாளர். தன் கண்ணைப் பார்த்து அமெரிக்கர்கள் தன்னை நம்ப மறுக்கிறார்கள் என்பது அவருடைய குறை. நம்பாதவனின் கண்ணுக்கு யாரும் வைத்தியம் பார்க்கவில்லை.

ஜூலி சென்னை நான் குறை சொல்ல மாட்டேன். வேலை வேண்டும் என்று ஒரு பெண் செய்ததைத் தூரத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது சுலபம். அந்த மேலதிகாரியின் பெயர் எனக்குத் தெரியாது. அவர் இமையை யாரும் பேசுவதும் இல்லை.

மதுரையில் நான் வேலை பார்த்த பார்லரில் பக்கத்து நாற்காலி மணிப்பூர்க்காரப் பெண்ணுடையது. எங்கள் எல்லோரையும்விட நன்றாக ஐ லைனர் போடுவாள். கல்யாணப் பெண்கள் அவளிடம்தான் கேட்டு உட்காருவார்கள். உட்கார்ந்துகொண்டே, “உனக்குக் கண்ணே தெரியலையே, நீ எப்படி வரையிற?” என்று சிரிப்பார்கள். அவளும் சிரித்துவிட்டு வரைவாள். டீ குடிக்க மாடிக்குப் போனால் சிரிக்க மாட்டாள். வடகிழக்கு மக்களைக் கண்ணைச் சொல்லித் திட்டினால், அவர்கள் பழங்குடியினராக இருக்கும்பட்சத்தில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடலாம் என்று 2012இல் உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. 2014 ஜனவரியில் டெல்லியில் நிடோ தானியா என்ற அருணாச்சல மாணவரைத் தோற்றத்தைக் கேலி செய்து, அவர் எதிர்த்துக் கேட்டதற்கு அடித்தார்கள், மறுநாள் செத்துப்போனார். அதே வருடம் மேரி கோம் வாழ்க்கை சினிமாவாக வந்தது. நடித்தவர் பிரியங்கா சோப்ரா. மணிப்பூர்ப் பெண்ணின் கதை வேண்டும், அவள் கண் மட்டும் திரைக்கு வேண்டாம்.

என் கண்ணுக்கு எப்படி மை போடுவது என்பதை அந்தப் பெண்தான் எனக்குச் சொல்லித்தந்தாள். ஆறு மாதக் கோர்ஸ் சொல்லித்தராதது. அதைச் சொல்லுவதற்கு முன்னால் நம் தோழிகளோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெண்கள் கூட்டத்தில் நான் பார்லர் வைத்திருப்பதாகச் சொன்னதும், மேடையில் இருந்த ஒருவர் அன்பாகத்தான் கேட்டார், இந்த அடிமைத்தனத்தை நாமே விற்கலாமா என்று. கை தட்டினார்கள். எனக்குப் பதில் வரவில்லை. பஸ்ஸில் வரும்போதுதான் அம்மாச்சி ஞாபகம் வந்தது. தாத்தா செத்தபோது அம்மாச்சிக்கு முப்பத்தாறு வயது. அதற்கு முந்தின நாள்வரை, விளக்கெண்ணெய்த் திரியின் மேல் பித்தளைத் தட்டைக் கவிழ்த்துக் கரி பிடித்து, தானே மை கூட்டித் தீட்டியவர். பதினாறாம் நாள் பூ, பொட்டு, மஞ்சளோடு மையும் போயிற்று. மை போடுவது பெண்ணை அடிமைப்படுத்தும் என்று அவரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். அவரைப் போடாதே என்று சொன்னவர்களும் பெண்ணைக் கட்டுக்குள் வைக்கத்தான் சொன்னார்கள். போடு என்பதும் போடாதே என்பதும் ஒரே திண்ணையிலிருந்து வருகிற குரல்கள். மை பாவம், அது வெறும் கரி. என் நாற்காலியில் உட்காரும் பெண்ணுக்கு வீட்டில் கண்ணாடி முன் பத்து நிமிடம் கிடைப்பதில்லை. இங்கே கிடைக்கிறது. நான் எதிர்ப்பது மையை இல்லை. அந்த ‘திருத்தம்’ கட்டத்தை.

சரி, மைக்கு வருவோம். மடிப்பு இமைக்காரிகள் முதலில் விட வேண்டியது, கீழே வைத்த கண்ணாடியில் குனிந்து பார்த்து வரைகிற பழக்கம். முகவாயைத் தூக்கிக்கொண்டு வரைவதையும், விரலால் இமையைப் பக்கவாட்டில் இழுத்து வரைவதையும் விட்டுவிடுங்கள். இழுத்தால் மடிப்பு விலகும், கோடு அழகாக விழும், விரலை எடுத்ததும் கோடு உள்ளே போய்விடும். கண்ணாடியைக் கண் மட்டத்தில் மாட்டுங்கள். புருவத்தை உயர்த்தாமல், சாதாரணமாக, தெருவில் ஒருவரைப் பார்ப்பதுபோல நேராகப் பாருங்கள். அந்த நிலையில் கண்ணின் வெளிமூலையில் மடிப்பு எங்கே முடிகிறது என்று தெரியும். அதற்கு ஒரு நூல் மேலே பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். கோடு போய்ச் சேர வேண்டிய இடம் அந்தப் புள்ளி. கீழ் இமையின் ஓரம் எந்தச் சரிவில் போகிறதோ அதே சரிவில் புள்ளிவரைக்கும் இழுங்கள், கண்ணைத் திறந்தபடியே. வால் மடிப்பைத் தாண்டும் இடத்தில் ஒரு சின்னப் படி மாதிரி விழும். கண்ணை மூடினால் கோணலாகத் தெரியும். தெரியட்டும். திறந்தால் நேர்கோடு.

மூக்குப் பக்கம் கோடு மெல்லிசாக, மயிரிழை மாதிரி, இமைமுடியின் வேரோடு ஒட்டிப் போக வேண்டும். கனம் எல்லாம் வெளிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கில் மட்டும். முழு நீளத்துக்கும் தடியாகப் போட்டால் இருக்கிற கொஞ்ச இமையும் போய்விடும். ஐடெக்ஸ் மையை அப்பி அப்பி நான் செய்துகொண்டிருந்த தப்பு அதுதான். இன்னொரு கஷ்டம், மடிப்பு இமையில் மை ஈசிக்கொள்ளும். தோலும் தோலும் உரசும் இடம் அது, எண்ணெயும் வியர்வையும் சேரும். போடிச் சித்திரை வெயிலில் அரை மணி நேரத்தில் மடிப்பின் மேல் இரண்டாவது கோடு ஒன்று தானாக அச்சாகிவிடும். எனவே முதலில் இமையைத் துடைத்து லேசாகப் பவுடர் ஒற்றுங்கள். கொழகொழப்பான மைக்குப் பதில், காய்ந்து பிடிக்கிற ஜெல் அல்லது திரவ லைனர். போட்டதும் கீழே பார்த்தபடி முப்பது எண்ணுங்கள், பிறகு நிமிருங்கள். கண்ணுக்குள் நனையும் உள் விளிம்பில் மட்டும் எதையும் தீட்டாதீர்கள். கண்ணீரைக் காக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள் அங்கேதான் இருக்கின்றன. கைக்குழந்தைகளின் கண்ணுக்குள் மை இழுப்பதையும் இதே மூச்சில் நிறுத்திவிடலாம்.

நிழல் போட ஆசையிருந்தால் உங்கள் தோலைவிட ஒரு பங்கு கூடின மங்கல் பழுப்பை, மடிப்புக்குள் இல்லாமல், மடிப்புக்குச் சற்று மேலே, கண்ணைத் திறந்தபடி பூசுங்கள். மடிப்பின் மேல் மினுக்கம் வேண்டாம், அது இன்னும் உப்பிக் காட்டும். மினுக்கம் பிடிக்கும் என்றால் மூக்கோரத்து மூலையில் ஒரு பொட்டு வைத்துக்கொள்ளுங்கள். உப்பிக் காட்டினாலும் பரவாயில்லை என்பவர்கள் மடிப்பிலேயே பூசிக்கொள்ளலாம், யாரும் பிடித்துப் போக மாட்டார்கள். இமைமுடியைச் சுருட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அவ்வளவுதான். டேப் கிடையாது, பசை கிடையாது, பதினெட்டு நிறம் கிடையாது.

பழந்தமிழில் மை பூசுவார்கள் என்பதில்லை, எழுதுவார்கள். கண்ணெழுதுதல். திருக்குறளில் ஒருத்தி, காதலன் என் கண்ணுக்குள் இருக்கிறான், மையெழுதினால் அந்த நேரம் மறைந்துபோவானே என்று கண்ணெழுதாமல் இருக்கிறாள். அது 1127. எனக்கு அதைவிடப் பிடித்தது 1285. மை எழுதும்போது, எழுதுகிற கோல் அந்தக் கண்ணுக்கே தெரிவதில்லை. அதுபோல அவனைக் கண்டவுடன் அவன் குற்றம் எதுவும் எனக்குத் தெரிவதில்லை என்கிறாள். குற்றம் மறக்கிற அந்தக் காதலியோடு எனக்குச் சம்மதமில்லை, அவன் குற்றத்தை அவள் நன்றாகப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் எழுதும் கோல் கண்ணுக்குத் தெரியாது என்பது, தன் கண்ணுக்குத் தானே எழுதிப் பார்த்தவர்களிடமிருந்து வந்த தகவல். அந்தக் காலத்துப் பெண் யாரோ சொல்லி வள்ளுவர் கேட்டிருக்க வேண்டும் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன்.

இதுவரை சொன்னது அழகு விஷயம். எனக்கு உண்மையில் ஆத்திரம் வந்தது வேறொரு நாள்.

ராசிங்காபுரம், சிலமலைப் பக்கமெல்லாம் விடியுமுன்னே ஜீப் வந்துவிடும். பெண்கள் தூக்குவாளியோடு ஏறிக்கொள்வார்கள். போடிமெட்டு ஏறி பூப்பாறை, சாந்தன்பாறை என்று கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய்க் காய் எடுத்துவிட்டுச் சாயங்காலம் இறங்குவார்கள். ஏலக்காய் மரத்தில் தொங்குகிற காய் இல்லை. செடியின் தூரில், தரையோடு படர்கிற சரத்தில் காய்க்கும். நிழலுக்குள் குந்தி உட்கார்ந்து, பச்சைக்குள் பச்சையாக, பழுத்ததை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். மலை ஏற உடம்பு தாளாதவர்கள் போடியில் காய் பிரிக்க உட்காருவார்கள். காய்ந்த காயில் வெடித்தது, நிறம் மங்கினது, பூச்சி விழுந்தது எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துக் கையால் ஒதுக்குவது. எட்டு மில்லிமீட்டருக்கு மேல் உருட்டான பச்சைக் காய்க்குத்தான் ஏலத்தில் விலை. அந்த விலை முழுக்கப் பெண்களின் கண்ணிலிருந்து வருகிறது.

எனக்குத் தூரத்துச் சொந்தத்தில் ஒரு மதினி, காய் பிரிக்கிற வேலைக்குப் போகிறவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒருநாள் பார்லருக்கு வந்தார். வராதவர் வந்ததும் ஆச்சரியம். “புருவத்த எடுத்து விட்டா நெத்தி வலி குறையுமாத்தா?” என்று கேட்டார். உட்காரவைத்துப் பார்த்தேன். புருவம் இரண்டும் ஏறி நெற்றியில் மூன்று கோடு. முகவாயைத் தூக்கிக்கொண்டு, மூக்கு நுனி வழியாக என்னைப் பார்த்தார். புருவத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்க்கச் சொன்னேன். இமையின் விளிம்பு பாப்பாவின் மேல் இறங்கி நின்றது. இடது கண்ணில் பாதிப் பாப்பா காணோம்.

இது என் கண் மாதிரி இல்லை. என் கண்ணில் தோல்தான் மடிகிறது, இமை விளிம்பு தன் இடத்தில் இருக்கிறது. மதினிக்கு இமையே இறங்கியிருந்தது. இமையைத் தூக்கும் தசையின் நாண் வயதாக ஆகத் தளர்ந்து இப்படி ஆவதுண்டு. குனிந்து பார்க்கும்போது அது இன்னும் இறங்கும். நாள் முழுக்கக் குனிந்து காய் பொறுக்குகிறவருக்கு எப்படி இருந்திருக்கும்? புருவத் தசையால் இமையைத் தூக்கித் தூக்கித்தான் தலைவலி. வேலை இடத்தில் சொல்லவில்லையா என்று கேட்டேன். அங்கே மேற்பார்வை பார்க்கிற ஆள், உட்கார்ந்துகொண்டே தூங்குகிறாய் என்று இரண்டு தடவை பாதிக் கூலியைப் பிடித்திருக்கிறார். தூங்குமூஞ்சி என்று கூப்பிடுகிறார்களாம், எல்லோரும். மதினியும் தனக்குத் தூக்கம் அதிகம் என்றே நம்பிக்கொண்டிருந்தார்.

அன்றைக்குத்தான் எனக்கு அந்த வார்த்தையின் விலை தெரிந்தது. ஒருத்தியின் இமையில் குறையே இல்லாதபோது டேப் ஒட்டிக் காசு வாங்குகிற உலகம், இன்னொருத்தியின் இமை நிஜமாகவே இறங்கிப் பார்வையை மறைக்கும்போது அதை அவள் சோம்பேறித்தனம் என்று கூலியைப் பிடிக்கிறது. இரண்டு பேருக்கும் ஒரே பெயர். மணப்பெண்ணின் கண்ணை யாருக்காவது அழகாகக் காட்ட வேண்டும், அதனால் அதைப் பற்றி ஆயிரம் யோசனை. மதினியின் கண் அவருக்குத்தான் வேண்டும், அதைப் பற்றி யாருக்கு என்ன?

தேனியில் கண் மருத்துவமனை இல்லாமல் இல்லை. அரவிந்த் மருத்துவமனை 1985இலிருந்து இருக்கிறது. க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மதினியைக் கூட்டிக்கொண்டு போனேன். தசை தளர்ச்சிதான், சின்ன அறுவையில் சரிசெய்யலாம் என்றார்கள். செய்தார்கள். நெற்றிக் கோடு இன்னும் போகவில்லை. தலைவலி போய்விட்டது.

அதனால் பார்லர் நடத்தும் தோழிகளுக்கும், கோர்ஸ் நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள், வேண்டுகோள் என்ன, சண்டையாகவே வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சார்ட்டிலிருந்து ‘திருத்தம்’ கட்டத்தைக் கிழியுங்கள். அந்த இடத்தில் இதை எழுதுங்கள்: இமை விளிம்பு பாப்பாவை மறைத்தால், ஒரு கண் மட்டும் இறங்கியிருந்தால், பத்து வருடத்துக்கு முந்திய போட்டோவில் இல்லாத இறக்கம் இப்போது இருந்தால், காலையில் சரியாக இருந்து சாயங்காலம் இமை சொருகினால், டாக்டரிடம் அனுப்பு. திடீரென்று ஒரு நாளில் இறங்கி, இரட்டையாகத் தெரிந்தாலோ தலைவலி சேர்ந்தாலோ அன்றைக்கே அனுப்பு. குழந்தை தலையைப் பின்னால் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால் அம்மாவிடம் சொல். சின்ன வயதில் இமை மறைத்த கண், பார்க்கப் பழகாமலே போய்விடும். எங்கள் கைக்கு வாரத்துக்கு எத்தனை முகங்கள் வருகின்றன. ஒரு பெண்ணின் கண்ணை அரை அடி தூரத்தில் வைத்துப் பார்க்கிறவர் அவள் வாழ்க்கையில் வேறு யார் இருக்கிறார்கள்? அந்த வாய்ப்பை டேப் ஒட்டுவதில் வீணடிக்கிறோம். மிச்ச எல்லா இமையும் இமைதான். மை வேண்டுமென்றால் போடு, வேண்டாமென்றால் த்ரெட்டிங் முடித்து அனுப்பு.

கல்யாணத்தன்று என்ன ஆயிற்று என்று சொல்லவில்லை. ஹோமப் புகையில் கண்ணீர் வந்து, தாலி கட்டுவதற்கு முன்னாலேயே இடது கண் டேப் கழன்று இமைமுடியில் தொங்கியது. மேக்கப் செய்த பெண் அடுத்த முகூர்த்தத்துக்குக் கிளம்பிவிட்டிருந்தார். முகூர்த்தப் புடவை மாற்ற உள்ளே வந்த பத்து நிமிடத்தில் இரண்டு டேப்பையும் பிய்த்துவிட்டு, அம்மாச்சி மடியில் தலை வைக்காமல் நேராக உட்கார் என்று அவளை அதட்டி, கண்ணைத் திறக்கச் சொல்லி, நான் எழுதினேன். அம்மாச்சி லைட்டைப் பிடித்துக்கொண்டார்.

மணமேடையில் போட்டோகிராபர் அவளைப் படாதபாடு படுத்தினார். “கண்ணைத் திறங்க மேடம்... இன்னும் கொஞ்சம் திறங்க... நல்லாத் திறந்து பாருங்க மேடம்.”

நாலாவது தடவை அவள் கேமராவை நேராகப் பார்த்துச் சொன்னாள்: “தெறந்துதாண்ணே இருக்கு.”